நகம் வெட்டுவது போலத்தான் என்றார்கள்

கோழியின் சிறகை விரித்துப் பிடித்தால் எவ்வளவு அகலமாக இருக்கும் என்பது, அதை வெட்டுவதற்காகக் கையில் எடுத்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மடித்து வைத்திருக்கும்போது உடம்போடு ஒட்டி ஒரு கையளவுக்குள் அடங்கிவிடுகிறது. விரித்ததும் விசிறியாகத் திறந்துகொள்கிறது. உடம்பை ஒட்டிய பாதியில் அகன்ற, மெத்தென்ற இறகுகள். நுனிப் பாதியில் நீளமான, விறைப்பான 10 இறகுகள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் குட்டையாக ஓர் இறகு, எல்லைக்கல் நட்டு வைத்தது போல. கோழி வேலி தாண்டாமல் இருக்க அந்தப் பத்தைத்தான் வெட்ட வேண்டும். புள்ளி என்று நாங்கள் அழைக்கும் அந்தக் கோழியை அம்மா துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் கத்தரிக்கோலை வைத்தேன். காய்ந்த ஓலையை நறுக்குவது போல ஒரு சத்தம் வந்தது. புள்ளி திமிரவில்லை, கத்தவில்லை. என் பக்கம் இருந்த கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது.

"பார்த்தாயா, நகம் வெட்டுவது போலத்தான்" என்றார் அம்மா, துண்டை உதறியபடி. கோழி வளர்ப்பவர்கள் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். அதில் பொய் இல்லை. முழுதாக வளர்ந்து முற்றிய இறகு, நம் நகத்தைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் தண்டுக்குள் இரத்தம் ஓடுவதில்லை, நரம்பும் இல்லை. வெட்டினால் வலிக்காது. இவ்வளவும் தெரிந்துதான் வெட்டினேன். ஆனாலும் அன்று இரவு அந்த வாக்கியம் எனக்குள் இறங்க மறுத்தது. பிறகு வந்த ஏழு மாதங்களும் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது எதுவரைக்கும் சரி, எங்கே நழுவுகிறது என்பது இப்போதுதான் எனக்குப் பிடிபட்டிருக்கிறது.

வீட்டுக் கொல்லையில் ஆறு பெட்டைக் கோழிகள். சுற்றிலும் நான்கடி உயரத்தில் கம்பிவலை வேலி. நான்கு கோழிகளுக்கு அந்த வேலியைத் தாண்டலாம் என்ற நினைப்பே வந்ததில்லை. வெள்ளை என்று நாங்கள் அழைக்கும் ஒன்று எப்போதாவது தாண்டும், மேய்ந்துவிட்டு அதுவாகவே திரும்பி வரும். புள்ளி அப்படி இல்லை. அப்போது அதற்குப் பத்து மாத வயது. ஏறக்குறைய தினமும் காலையில் காணாமல் போகும். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். "தம்பி, உங்கள் கோழி இன்றைக்கும் வந்துவிட்டது" என்பார். ஒரு நாள்கூட அவர் குரலை உயர்த்தியதில்லை. அவருடைய நாற்றுப் பாத்தியைப் புள்ளி கிளறிப் போட்டிருந்த அன்றும் அவர் எதுவும் சொல்லவில்லை. வேர் மேலே தெரியக் கிடந்த நாற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. அன்று மாலையே கத்தரிக்கோலைத் தேடினேன்.

காலில் தொடங்கும் பறத்தல்

வெட்டுவதற்கு முன் சில நாட்கள், புள்ளி எப்படித் தாண்டுகிறது என்று நின்று கவனித்திருந்தேன். அதை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வேலி தாண்டும் கோழி, காக்கை போலப் பறந்து போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் வேலியை அடி அடியாக உயர்த்திக்கொண்டே போகிறார்கள். நடப்பது வேறு. புள்ளி வேலியிலிருந்து இரண்டடி தள்ளி வந்து நிற்கும். தலையை ஒருபக்கம் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வேலியின் மேல்விளிம்பைப் பார்க்கும். பிறகு மறுபக்கம் சாய்த்து அடுத்த கண்ணால் பார்க்கும். கழுத்து இரண்டு மூன்று முறை நீண்டு சுருங்கும். கால்கள் மடங்க, உடம்பு தரையோடு தாழும். அப்படித் தாழ்ந்துவிட்டால் பிறகு அதைத் தடுக்க முடியாது. இரண்டு கால்களும் ஒரே உதையாக மண்ணை உதைக்கும், அந்த உதையில் உடம்பு மேலே எழும்பிய பிறகுதான் சிறகு படபடவென்று அடிக்கத் தொடங்கும். வேலியின் மேலே ஓடும் மரச்சட்டத்தில் வந்து உட்காரும். அங்கே கொஞ்சம் நிதானம். சிறகைச் சரியாக மடித்துக்கொள்ளும். அந்தப் பக்கத்தை ஒருமுறை நோட்டமிட்டுவிட்டுக் குதிக்கும்.

நான்கடி உயரத்தில் நானே ஓர் இருக்கை போட்டுக் கொடுத்திருக்கிறேன், அது ஏறி உட்கார்ந்து இறங்கிப் போகிறது என்பதுதான் நான் கண்டது. கோழியின் உடம்பு அப்படிப்பட்டது. நாள் முழுக்க நடப்பதும் கிளறுவதுமாக இருக்கும் காலின் தசை கருஞ்சிவப்பு, எளிதில் களைக்காது. மார்புத் தசை வெளிறியது. சில நொடிகளுக்குள் தன் வலுவை எல்லாம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். நம் வீட்டுக் கோழிகளின் மூதாதையான செங்காட்டுக் கோழி பகலெல்லாம் தரையில் மேயும், ஆபத்து வந்தாலும் பொழுது சாய்ந்தாலும் ஒரே எழும்பலில் மரக்கிளைக்குப் போய்விடும். தூரம் போகிற பறத்தல் அதற்குத் தேவைப்படவில்லை, செங்குத்தாக எழும்புவதுதான் தேவைப்பட்டது. நம் வேலியும் செங்குத்தாகத்தான் நிற்கிறது.

கோழிக்குக் கோழி இது மாறும். பிரம்மா, கொச்சின், ஆர்பிங்டன் போன்ற கனத்த இனங்களுக்கு நான்கடி தாராளம், அவற்றால் அந்த எடையைத் தூக்கிக்கொண்டு எழும்ப முடியாது. சில்கி இனத்தின் இறகில், இழைகளை ஒன்றோடு ஒன்று பிணைக்கும் கொக்கிகள் இல்லாததால் அது பஞ்சு போல இருக்கும், காற்றைப் பிடிக்காது. லெகார்ன் போன்ற மெலிந்த உடம்புக்காரிகள் ஆறடியையும் தாண்டுவார்கள். எங்கள் வெள்ளைக்கு லெகார்ன் கலப்பு உண்டு. புள்ளி எந்த இனம் என்று சொல்லத் தெரியாத ஒரு சிறிய கோழி.

மேல்சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கோழி எழும்புவதற்கு முன் இறங்கும் இடத்தைத் தேடுகிறது. மரச்சட்டமோ தடித்த குழாயோ தெரிந்தால் அதற்கு இலக்கு கிடைத்துவிடுகிறது. மெல்லிய வலையின் விளிம்பு மட்டும் இருந்தால் பெரும்பாலான கோழிகள் தயங்கும். வலையின் மேல் ஓர் அடியைக் கட்டாமல் தொய்வாக விட்டுவிட்டால், மோதி உட்காரப் பார்க்கும் கோழியின் எடைக்கு அது உள்பக்கமாக வளைந்து கொடுத்து அதை இறக்கிவிட்டுவிடும். இதே அளவுக்கு முக்கியம், வேலி ஓரத்தில் எதையும் வைக்காதது. விறகுக் குவியல், கவிழ்த்து வைத்த வாளி, கூட்டின் கூரை எல்லாமே கோழிக்குப் படிக்கட்டுதான். எங்கள் கூட்டின் கூரையே வேலியிலிருந்து மூன்றடி தூரத்தில் இருந்தது. இதையெல்லாம் சரிசெய்ய ஒரு முழு நாள் வேண்டும். கத்தரிக்கோலுக்கு ஒரு நிமிடம் போதும். நான் அந்த ஒரு நிமிடத்தை எடுத்துக்கொண்டேன்.

வேலியோரம் ஒரு நடை

ஒரு பக்கச் சிறகை மட்டும் வெட்டுவதுதான் வழக்கம். இரண்டையும் வெட்டினால் சமநிலை கெடாது, மெலிந்த கோழி இன்னும் கொஞ்சம் வேகமாக அடித்து எழும்பிவிடும். ஒன்றை மட்டும் வெட்டினால் எழும்பும்போதே உடம்பு ஒருபக்கம் சாய்ந்துவிடும். மடித்திருக்கும்போது அந்தப் பத்து இறகுகளும் உள் இறகுகளுக்கு அடியில் ஒளிந்துகொள்வதால் வெட்டியது வெளியே தெரிவதே இல்லை. மறுநாள் காலை புள்ளியைப் பார்த்த யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. வேலிக்கு முன் வந்து நின்றது. தலையைச் சாய்த்தது, தாழ்ந்தது, உதைத்தது. இடப்பக்கமாகச் சுழன்று, வலையில் தோள் இடித்து விழுந்தது. எழுந்து உடம்பை உலுக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தது. மூன்று முறை முயன்றது. நான்காவது நாளிலிருந்து முயலவே இல்லை.

வேலை முடிந்தது என்றே எண்ணினேன். அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன். அந்த மாலைதான் அடுத்தது கண்ணில் பட்டது. கூட்டுக்குள் கோழிகள் உறங்கும் கம்பு மூன்றரை அடி உயரத்தில் இருந்தது. மற்ற ஐந்தும் ஏறிவிட்டன. புள்ளி கீழேயே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தது. தூக்கி வைத்தேன். விடியற்காலையில் இறங்கும்போது ஒருக்களித்து விழுந்து, கொஞ்ச நேரம் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. சிறகு ஏறுவதற்கு மட்டும் என்று நினைத்திருந்தேன், இறங்கும்போது உடம்பைத் தாங்குவதும் அதே சிறகுதான். சாய்வாக ஒரு பலகையை வைத்துக் கொடுத்தேன். அதில் ஏறும்போதும் சிறகடித்தது, அடித்த பக்கம் கனக்க, பலகையின் விளிம்புக்கே போய்விட்டது. மான்டனா பல்கலைக்கழகத்தின் கென்னத் டயல் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் விளக்குகிறது. கௌதாரி இனக் குஞ்சுகள் செங்குத்தான சரிவில் ஓடி ஏறும்போது சிறகை அடித்துக்கொள்கின்றன, அந்த அடி அவற்றின் பாதங்களைச் சரிவோடு அழுத்திப் பிடிக்கிறது. இறகு குறைக்கப்பட்ட பறவைகளால் அவ்வளவு செங்குத்தாக ஏற முடியவில்லை. பலகையில் வழுக்கிய புள்ளியின் கால் நகங்கள் எழுப்பிய சத்தத்தைக் கேட்ட பிறகு அந்த ஆய்வு எனக்கு வெறும் செய்தியாக இல்லை. பலகையின் சரிவைக் குறைத்து, குறுக்கே சிறு குச்சிகளை அடித்தேன். கம்பையும் ஒன்றரை அடிக்கு இறக்கினேன்.

ஆனால் என்னை உண்மையில் நிலைகுலைய வைத்தது காலை நேரத்து நடை. வெட்டிய ஒரு வாரத்தில் அது தொடங்கியது. பக்கத்து வீட்டை ஒட்டிய வேலியோரம், மூலையிலிருந்து மூலைக்குப் புள்ளி நடக்கும். திரும்பும், மறுபடி நடக்கும். வலையின் ஒவ்வொரு கண்ணிலும் தலையை நுழைத்துப் பார்க்கும். நடக்கும்போது ஒரு குரல் கொடுக்கும். முட்டையிட்ட கோழி கேறும் சத்தம் இல்லை, பயந்த கோழியின் கூச்சலும் இல்லை. இழுத்து இழுத்து முனகும் ஒரு நீண்ட குரல், கடைசியில் கொஞ்சம் உயரும். கேட்டுக்கொண்டே இருந்தால் எந்த வேலையும் ஓடாது. அரை மணி, முக்கால் மணி நேரம் அப்படி நடந்துவிட்டுத் திடீரென்று அடங்கிவிடும். பிறகு மற்றவற்றோடு போய் மேயும்.

சுதந்திரம் போய்விட்ட ஏக்கம் என்று முதலில் நினைத்தேன். மனிதனுக்கு எளிதில் வருகிற எண்ணம் அது. ஏக்கம் என்றால் ஏன் மத்தியானம் இல்லை, ஏன் மாலையில் இல்லை என்ற கேள்வி மட்டும் உறுத்தியது. ஒரு தாளில் நேரத்தைக் குறித்து வைக்கத் தொடங்கினேன். முதல் நாள் காலை எட்டுக்கு நடந்தது. மறுநாள் ஒன்பதுக்கு. அதற்கடுத்த நாள் பத்தேகாலுக்கு. நான்காம் நாள் பதினொன்றரைக்கு. ஐந்தாம் நாள் நடக்கவே இல்லை. ஆறாம் நாள் திரும்பவும் எட்டு மணிக்கு.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது. கோழியின் வயிற்றில் ஒரு முட்டை உருவாகி வெளியே வர 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதனால்தான் முட்டையிடும் நேரம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போய், ஒரு நாள் விட்டுப்போய், மறுபடி அதிகாலையில் தொடங்கும். கோழி வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எனக்கும் தெரியும். புள்ளி இன்னும் முட்டையிடத் தொடங்கவில்லை என்று நான் நம்பியிருந்ததால் அந்தக் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே தோன்றவில்லை. அடுத்த நாள் ஒன்பது மணிக்கு வேலியருகே போய் உட்கார்ந்தேன். புள்ளி நடந்தது, முனகியது, வலையில் தலையை நுழைத்தது. கடைசியில் வேலியின் அடியிலேயே, கால்களைக் கொஞ்சம் அகட்டி நின்றபடி, வெறும் தரையில் முட்டையைப் போட்டது. முட்டை ஒரு கல்லில் பட்டு விரிசல் விட்டது. புள்ளி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. எப்போதும் முட்டையிட்டதும் கேறுகிற மற்றக் கோழிகளைப் போல அது கேறவும் இல்லை.

11 முட்டைகள்

அக்காவிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை வேலியின் அந்தப் பக்கம், செடிகள் அடர்ந்த மூலைக்கு அழைத்துப் போனார். தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் காய்ந்த இலைகள் குவிந்திருந்தன. குனிந்து விலக்கியபோது கிண்ணம் போல அழுத்தமாக ஒரு குழி. குழியின் ஓரத்தில் புள்ளியின் நெஞ்சு இறகு இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே 11 முட்டைகள். தூசி படிந்து, மேலே ஓர் இலை விழுந்து கிடந்தது.

"இதற்காகத்தான் வந்துகொண்டிருந்தது போலிருக்கிறது தம்பி" என்றார் அக்கா. "பாத்தியைக் கிளறியது ஒரே ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் நேராக இந்தப் பக்கம்தான் போகும். நான்தான் பிடித்துக்கொண்டு வந்துவிடுவேன்."

இந்த 11 முட்டைகளைப் பார்த்த பிறகு என்னால் அந்த நகம் வெட்டும் உவமையை அப்படியே ஏற்க முடியவில்லை. எனக்குக் கோழிகளின் மேல் அன்பு உண்டு என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பல வாரங்களாகத் தினமும் ஒரே நோக்கத்தோடு ஒரே இடத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெட்டையை, 'ஓடிப்போகிற கோழி' என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன். முட்டையிடும் நேரம் நெருங்கிய கோழிக்கு, மறைவான ஓரிடத்தை அடைவதைவிடப் பெரிய வேலை இல்லை. கனத்த கதவைத் தள்ளியும், உடம்பு நெருக்குண்ணும் இடுக்கில் நுழைந்தும் முட்டையிடும் இடத்தை அடையக் கோழிகள் பாடுபடுவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஓர் இடம் கிடைக்காத கோழி ஓய்வில்லாமல் நடக்கும் என்பதும், அந்த இழுவைக் குரல் கொடுக்கும் என்பதும் பதிவானவையே. புள்ளியைப் பற்றிய எல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது, நான்தான் வாசிக்கவில்லை.

சரி, கூட்டிலேயே முட்டைப் பெட்டிகள் இருக்கும்போது ஏன் அங்கே போனது? ஒரு காலை முழுக்க உட்கார்ந்து பார்த்ததில் பதில் கிடைத்தது. ஆறு கோழிகளுக்கு இரண்டு பெட்டிகள். எண்ணிக்கையில் போதுமானதுதான். ஆனால் இரண்டும் அருகருகே, வாசல் வெளிச்சம் நேராக விழும் இடத்தில் இருந்தன. கூட்டத்தின் மூத்த கோழியான கருப்பி, தான் முட்டையிடாத நேரத்திலும் பெட்டிக்கு எதிரே நின்றுகொண்டு, புள்ளி கிட்டே வந்தால் தலையில் கொத்தித் துரத்தியது. தீனித் தட்டிலும் அதே கதைதான். யார் யாரைக் கொத்தலாம், யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு என்பதை, சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து வந்த நார்வேக்காரரான தோர்லைஃப் ஷெல்டரப்-எப்பே 1921-ல் தம் ஆய்வில் விவரித்தார். அந்த வரிசையின் கடைசி இடம் எப்படிப்பட்டது என்பதைப் புள்ளியின் உச்சந்தலையில் இறகு உதிர்ந்து சிவந்திருந்த இடம் எனக்குக் காட்டியது. கடைசி இடத்தில் இருந்த கோழிக்கு வேலி ஒன்றுதான் வழியாக இருந்தது. அந்த வழியை நான் கத்தரிக்கோலால் அடைத்துவிட்டேன். துரத்தினால் எழும்பித் தப்பக்கூட முடியாதபடி, அதை அவற்றோடு சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டினேன். இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

அக்கா ஒரு கூடையைக் கொண்டுவந்து, அந்தக் குழியில் இருந்த காய்ந்த இலைகளையே அள்ளிக் கொடுத்தார். அது அவருக்குத் தோன்றியது, எனக்குத் தோன்றவில்லை. கூட்டின் மிக இருட்டான மூலையில், மற்றப் பெட்டிகளிலிருந்து தள்ளி, ஒரு பெட்டியை வைத்தேன். முன்புறம் ஒரு பலகையைச் சாய்த்து மறைத்து, பக்கவாட்டில் மட்டும் நுழைய இடம் விட்டேன். இலைகளைக் கொட்டி, நடுவில் கையால் குழித்து, முட்டை அளவுள்ள வெள்ளைக் கூழாங்கல் ஒன்றை வைத்தேன். முட்டை இருக்கும் இடத்தில் முட்டையிடக் கோழி விரும்பும். தீனித் தட்டை இரண்டாக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாதபடி கூட்டின் இரண்டு பக்கமும் வைத்தேன். முதல் இரண்டு நாள் புள்ளி பழையபடி வேலியோரம் நடந்தது. மூன்றாம் நாள் பலகைக்குப் பின்னால் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. நான்காம் நாள் உள்ளே போனது. இலை சரசரத்தது. அலகால் ஓர் இலையை எடுத்துத் தன் முதுகின் மேல் போட்டுக்கொண்டது, இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தது. முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, கழுத்தை நீட்டி, கொல்லையே அதிரக் கேறியது. அதன் கேறலை நான் கேட்டது அதுதான் முதல் முறை.

இறகு முளைக்கும் காலம்

வேலியோர நடை நின்றுவிட்டது. ஆனால் சிறகு வெட்டப்பட்ட கோழி தாண்டாமல் இருப்பது எதையும் நிரூபிக்காது. இறகு வளர்ந்த பிறகுதான் தெரியும். அது எப்போது வளரும் என்று விசாரித்தபோது ஒருவர் ஒரே மாதம் என்றார், இன்னொருவர் ஒரு வருடம் என்றார். இரண்டு பேரும் தாங்கள் கண்டதைத்தான் சொன்னார்கள். குஞ்சுகளும் இளங்கோழிகளும் முதல் சில மாதங்களுக்குள் பலமுறை இறகு மாற்றுகின்றன. அந்த வயதில் வெட்டினால் சில வாரங்களில் புதிது வந்துவிடும். வளர்ந்த கோழி, பகல் குறுகத் தொடங்கும் காலத்தில், ஆண்டுக்கு ஒருமுறைதான் இறகு உதிர்க்கிறது. உவமை நழுவும் இடம் இதுதான். வெட்டிய நகம் அடியிலிருந்து தொடர்ந்து வளர்ந்துகொண்டே இருக்கும். இறகு அப்படி வளராது. வெட்டிய துண்டு அப்படியே சிறகில் செருகியிருக்கும், அது தானாகக் கழன்று விழுந்து, அதே குழியிலிருந்து புதிய இறகு முளைத்தாக வேண்டும். ஒரு நிமிட வேலை என்று நான் நினைத்தது புள்ளிக்கு ஏழு மாதம்.

காத்திருந்த அந்த மாதங்களில் வேலி வேலையை முடித்தேன். மேல்சட்டத்தைக் கழற்றி எடுத்தேன். வலையை ஆறடியாக்கி, மேல் ஓர் அடியைத் தொய்வாக விட்டேன். கூட்டை வேலியிலிருந்து பத்தடி உள்ளே தள்ளினேன். காலையில் கோழிகளை வெளியே விடும் நேரத்தை, பெரும்பாலானவை முட்டையிட்டு முடிக்கும் வரை தள்ளி வைத்தேன். வெள்ளை முதல் நாளே தொய்வான வலையில் மோதி இறங்கிவிட்டு, வெகு நேரம் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பச்சை மேய்ச்சல்தான் ஆசை என்பதால் கொல்லையின் ஒரு பகுதியை மறித்துப் புல் வளரவிட்டு, மாற்றி மாற்றித் திறந்துவிடுகிறேன். மேலே முழுவதும் வலை போட்டு மூடலாம் என்றும் யோசித்தோம். தொய்ந்த வலையில் சிறு பறவைகள் கால் சிக்கிக்கொள்ளும் என்பதால் விட்டுவிட்டேன்.

இறகு வெட்டுபவர்களை நான் குறை சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வண்டிகள் பறக்கும் சாலை இருந்தால், கட்டாத நாய் இருந்தால், நானும் அன்றே வெட்டுவேன். அப்படி வெட்டும் கோழிக்குக் கம்பைத் தாழ்த்தித் தர வேண்டும், நாய் நுழையாத வேலியும் இருக்க வேண்டும், எழும்பித் தப்பும் வழியை நாம் எடுத்துவிட்டோமே. சிறகின் நுனி எலும்பையே வெட்டி எடுக்கும் முறையும் ஒன்று இருக்கிறது. அதை இறகு வெட்டுவதோடு சேர்த்துப் பேசுவதே தவறு. அது உறுப்பை அறுப்பது, அந்தக் கோழிக்குச் சிறகு திரும்ப வராது.

பகல் குறுகியதும் புள்ளியின் கழுத்தில் முதலில் இறகு உதிர்ந்தது. பிறகு முதுகு, நெஞ்சு. முட்டை நின்றுபோனது, உடம்பின் புரதமெல்லாம் இறகுக்குப் போகும் காலம் அது. தீனியில் புரதத்தைக் கூட்டிக் கொடுத்தேன். ஒரு காலை, அது மண்குளியல் போட்ட குழியில் ஓர் இறகுத் தண்டு கிடந்தது. விரல் நீளம்தான். நுனி கூர்மையாக இல்லாமல், கத்தரிக்கோல் போன தடத்தில் நேராக வெட்டுப்பட்டிருந்தது. கையில் எடுத்துத் துடைத்தேன். சிறகின் நுனி இறகுகள் நடுவிலிருந்து வெளிநோக்கி, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் விழும். அடுத்த சில வாரங்கள் தினமும் காலையில் அந்தக் கொல்லையைக் குனிந்து தேடினேன். பத்தில் எட்டு கிடைத்தது.

புது இறகு முளைக்கும்போது சிறகை விரித்துப் பார்த்தேன். நீலம் பாய்ந்த கருமையில், மெழுகு உறை சுற்றிய குச்சிகள். தொட்டால் இளஞ்சூடு. உள்ளே இரத்தம் ஓடும் இறகு அது. அந்த நிலையில் வெட்டினால் வலிக்கும், இரத்தம் பீறிடும். புள்ளி அந்தப் பக்கத்தைத் தொடவிடாமல் முனகியது. விட்டுவிட்டேன். சில வாரங்களில் உறை உதிர்ந்து இறகு விரிந்தது, தண்டு வெளுத்துக் காய்ந்தது. அம்மா கேட்டார், "இப்போது முற்றிவிட்டதே, வெட்டிவிடலாமா?" ஓர் இரவு, கோழிகள் கம்பில் உட்கார்ந்து உறங்கிய பிறகு, புள்ளியை மெல்ல எடுத்துச் சிறகை விரித்து எண்ணினேன். பத்தும் இருந்தன. மடித்துத் திரும்பவும் கம்பில் வைத்தேன்.

மறுநாள் அது கூட்டின் கூரைக்கு ஒரே எழும்பலில் ஏறியது. அங்கிருந்து தலையை ஒருபக்கம் சாய்த்து அக்காவின் தோட்டத்தைப் பார்த்தது, மறுபக்கம் சாய்த்துப் பார்த்தது. இந்தப் பக்கமே இறங்கியது. இதுவரை இரண்டு முறை தாண்டியிருக்கிறது. இரண்டு முறையும் ஏதோ பெருஞ்சத்தம் கேட்டு மிரண்ட நேரத்தில். முட்டை மறுபடி தொடங்கியிருக்கிறது, பலகைக்குப் பின்னால், இலைகளுக்கு நடுவில்.

போன வாரம் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். ஏதோ கிளறிவிட்டதோ என்று பதறிப் போனேன்.

"ஒன்றுமில்லை தம்பி. உங்கள் புள்ளியைக் கண்ணில் காணவே இல்லையே, நன்றாக இருக்கிறதா?"

"உள்ளே இருக்கிறது அக்கா. இப்போது அதற்கு முட்டையிடும் நேரம்."

அவர் கையில் ஒரு கூடை காய்ந்த இலை இருந்தது. வேலிக்கு மேலாக நீட்டினார்.